செல்வத்திடம் மட்டும் சொன்ன மருந்து

நான் பத்தொன்பது வருடம் வேலை செய்த கிடங்கில் இப்போது மருந்துகளுக்கென்று ஒரு புதிய படிவம் வந்திருக்கிறதாம். என்னோடு கூட வேலை செய்த மின் என்ற வியட்நாம்காரர் போன கிழமை மரக்கறிக் கடையில் கண்டு சொன்னார். பழைய படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்று ஒரு வெற்றுக்கோடு மட்டும்தான் இருந்தது. புதியதில், மருத்துவர் எழுதித் தரும் கஞ்சா மருந்துக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சரி போட்டு, மருத்துவரின் கடிதத்தை இணைத்தால் போதுமாம். "உனக்குக் கொஞ்சம் பிந்தி வந்துவிட்டது, டில்," என்று என் தோளில் தட்டினார். அவருக்கு என் கதை பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

என் முழுப்பெயர் தில்லையம்பலம். மெல்பேர்னில் வேலைக்குப் போன முதல் நாளே அது டில் ஆகிவிட்டது. நானும் சண்டை பிடிக்கவில்லை. முதலில் துப்புரவு வேலை, பிறகு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை. அதை மூடிய பிறகு ஆறு மாதம் வீட்டில் இருந்து மனைவியிடம் ஏச்சு வாங்கினேன். அதன் பிறகுதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உரிமம் எடுத்து, மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் ஓர் உணவுப்பொருள் கிடங்கில் சேர்ந்தேன். ஊரில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியிராத மனிதன், ஒரு தொன் பால்மாவை ஒன்பது மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைக்கப் பழகினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். வண்டியில் ஏறுமுன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சங்கிலி, சில்லு, எண்ணெய் ஒழுக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா, ஹோர்ன், பிரேக், சீட் பெல்ட். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு சரி, அடியில் கையெழுத்து. பலர் கோப்பி குடித்துக்கொண்டே கதிரையில் இருந்தபடி எல்லாச் சரியையும் ஒரே இழுப்பில் போட்டுவிடுவார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்யவில்லை. "வண்டிக்கு என்ன, இன்றைக்குக் காய்ச்சலா?" என்று மின் கேலி பண்ணுவார். பண்ணட்டும்.

எங்கள் மேலாளர் ஹெலன். கிரேக்கக் குடும்பம், மெல்பேர்னில் பிறந்தவர். அந்தக் கிடங்கில் என் பெயரை முழுதாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் மேலாளராக வந்த கிழமையே என்னைக் கூப்பிட்டு, பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொன்னார். அடுத்த நாள் பிழையில்லாமல் சொன்னார். அதன் பிறகு ஒரு தடவைகூட டில் என்றதில்லை. அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஏதாவது விசாரிக்க வேண்டுமென்றால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். அதே சொற்கள், அதே குரல். முதல் பதிலை எழுத மாட்டார். இரண்டாவதைத்தான் எழுதுவார். மனிதர் மனம் மாறுவதற்கு அந்த இடைவெளி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

எட்டாவது வருடமோ என்னவோ, ஒரு நாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது தட்டுகளைத் தாங்கும் இரும்புத் தூணில் இடித்துவிட்டேன். ஒருவரும் காணவில்லை. தூணில் ஒரு சின்ன நெளிவு. மேலே நான்கு தட்டுகளில் தேங்காய்ப்பால் டின்கள். இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு போய் ஹெலனிடம் சொன்னேன். அவர் என்னோடு நடந்து வந்து, முழங்காலிட்டு, நெளிவை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வரிசையையே மூடச் சொன்னார். என் கையால் எழுதி வாங்கினார். "திரு. தில்லையம்பலம், எழுதித் தந்ததை நான் திருத்தலாம். எழுதாததை என்னால் திருத்த முடியாது," என்றார். ஏச்சுக் கிடைக்கும் என்று போனவன் தலை நிமிர்ந்து வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் விட்ட பிழை தெரியாமல் விட்ட பிழையல்ல.

அறுபத்திரண்டு வயதில் எனக்கு இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் மூன்று கிழமையில் காய்ந்துவிட்டன. நோவு போகவில்லை. சட்டை பட்டால் நெருப்புப் பட்டதுபோல் இருக்கும். தந்த குளிசைகளில் ஒன்று தலையைச் சுற்றவைத்தது, மற்றது பகல் முழுக்க நித்திரை கொள்ளவைத்தது. அந்த நேரம் வீட்டிலும் நான் தனி. மனைவி சிட்னிக்கு, கிரவீனில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் என்று போனவள். மூன்று மாதம் ஒன்றரை வருடமாகியிருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை யாரிடம் விடுவது? நான் ஓய்வு எடுத்ததும் அங்கே போவதாகப் பேச்சு. குசினியில் நான்கு கதிரைகள் இருந்தன. ஒன்றில்தான் தூசி இல்லை.

நோவுக்கான சிறப்பு மருத்துவர் கடைசியில் ஓர் எண்ணெய் எழுதித் தந்தார். படுக்குமுன் நாக்கின் கீழ் சில துளிகள். அது கஞ்சாவிலிருந்து எடுப்பது என்பதை அவர் மறைக்கவில்லை. போதை தரும் பகுதியும் அதில் கொஞ்சம் உண்டு, கார் ஓட்டக்கூடாது, இயந்திரம் இயக்கக்கூடாது, வேலையிடத்தில் எச்சில் பரிசோதனை வைத்தால் நீ தெளிவாக இருக்கும்போதும் அது காட்டலாம், ஆகவே முதலாளியிடம் சொல்லிவிடு என்றார். ஒரு கடிதமும் தந்தார். அன்றோடு காரை வீட்டில் நிறுத்தினேன். கிடங்கு நடை தூரத்தில், இருபத்தைந்து நிமிடம். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

மருந்து வேலை செய்தது. நாலாம் நாள் காலையில், பல்லைக் கடிக்காமல் சட்டை போட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

ஆனால் சொல்லுவது? ஆங்கிலத்தில் அந்தக் கடிதம் பள்ளிக்கூட இரசாயனப் பாடம்போல் மரியாதையாக இருந்தது. தமிழில் அதற்குக் கஞ்சா என்ற ஒரு சொல்தான். எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்குக் கலியாணம் பேசி யாரும் வரமாட்டார்கள். போதாததற்கு, கிடங்கு அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிற பெண், நாங்கள் போகும் கோயிலில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவரின் மருமகள். நல்ல பிள்ளை. அவளைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் கதை கோயிலுக்குப் போய், அங்கிருந்து கிரவீனுக்குப் போய், மகளின் மாமியார் காதில் விழுவதை நான் கண்ணால் காண்பதுபோல் கண்டேன்.

ஆகவே செல்வத்திடம் சொன்னேன்.

செல்வம் எங்கள் காலை வேலைக்குழுவின் பொறுப்பாளர். திருச்சிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தப் பதவிக்கு அப்போதுதான் ஆறு மாதம் பார்த்து முடிவு செய்வோம் என்று வைத்திருந்தார்கள். எனக்கு மேலதிகாரி, ஆனால் என்னை அண்ணே என்பார். மத்தியானம் வெளியே இருக்கும் வாங்குப் பலகையில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவருடைய புளிச்சோற்றில் பாதி எனக்கு, என் புட்டில் பாதி அவருக்கு.

"தம்பி, ஒரு விசயம். உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்," என்று கடிதத்தை நீட்டினேன்.

வாசித்தார். "என்னண்ணே இது?"

"கஞ்சா எண்ணெய்."

அவர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"வலிக்கு கேக்குதாண்ணே?"

"ஓம், கேக்குது."

"அப்ப ஹெலன்கிட்ட ஒரு ஃபார்ம் குடுத்துரலாம்ணே. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம் தம்பி. எழுதினா அது எல்லா இடமும் போகும். உங்களுக்குச் சொல்லிப்போட்டன், அது காணும்."

அவர் கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார். கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னா சரிண்ணே. நான் பாத்துக்கறேன்," என்றார்.

இதே விசயத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலேயே படிவத்தைக் கையில் தந்திருப்பார். தமிழில், அண்ணன் தம்பி என்று கதைத்த பிறகு, எழுதித் தாருங்கள் என்று கேட்பது முகத்தில் அடிப்பதுபோல. நம்மில் எழுத்து வாங்குவது நம்பிக்கை இல்லாதவனிடம்தான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவரிடம் தமிழில் போனேன்.

செல்வம் சொன்னபடி பார்த்துக்கொண்டார். அடுத்த நாளே என்னை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி, கடைகளிலிருந்து திரும்பி வரும் பொருட்களைச் சரிபார்க்கும் மேசையில் போட்டார். டில்லுக்குக் கண்ணில் ஏதோ பிரச்சினை என்று மற்றவர்களிடம் சொன்னார். ஏழு கிழமை நான் ஒரு வண்டியையும் தொடவில்லை. யாருக்கும் ஆபத்து வரவில்லை, வரவும் வழியில்லை. ஒரு துண்டுத் தாளைத் தவிர, செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார்.

ஒரு புதன்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனைக்காரர் வந்தார்கள். கண்ட கண்ட பெயரைக் கூப்பிடுவார்கள், அன்று என்னையும் கூப்பிட்டார்கள். முதலுதவி அறையில் பத்து நிமிடம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கவேண்டும். பிறகு ஒரு குச்சியை நாக்கில் தேய்த்து, அதன் நுனி நிறம் மாறும் வரை வாயில் வைத்திருக்கவேண்டும். "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று பரிசோதிக்க வந்த பெண் கேட்டாள். கடிதம் என் பையில்தான் இருந்தது. ஆனால் திறந்த கதவுக்கு அப்பால் அலுவலகப் பெண்ணின் மேசை தெரிந்தது. "தலையிடிக் குளிசை மட்டும்," என்றது என் வாய். ஐந்து நிமிடம் கழித்து, முடிவு நெகட்டிவ் அல்ல என்றாள். பொசிட்டிவ் என்று சொல்ல மாட்டார்கள், ஆய்வுகூடம்தான் அதைச் சொல்லவேண்டும். என் அடையாள அட்டையை வாங்கி, விதிப்படி ஒரு டாக்சியில் ஏற்றி அனுப்பினார்கள். ஐந்து நிமிட ஓட்டம். செல்வம் பொருள் ஏற்றும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டவில்லை, அவரும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை விசாரணை. விரும்பினால் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம், பெயரை முன்கூட்டியே அறிவிக்கவும் என்று இருந்தது. தொலைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். யாரைக் கூட்டிப் போவதென்றாலும் முதலில் அவருக்குச் சொல்லவேண்டும். சொல்லக்கூடிய ஆள் யாரும் இருந்தால் எனக்கு இந்த நிலையே வந்திருக்காதே. 'ஒருவரும் இல்லை' என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தாள். "என்னப்பா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ."

"ஓம், குடிக்கிறன்," என்றேன்.

செல்வத்திடமிருந்து அழைப்பு வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டு போனேன். நான் அவருக்கு எடுத்திருக்கலாம். எடுத்தால், உங்களைக் காட்டிக்கொடுப்பேன் என்று வெருட்டுவதுபோல் ஆகிவிடும் என்று எனக்கு நானே சொன்னேன்.

திங்கட்கிழமை ஹெலனின் அறையில் அவரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். மூன்றாவதாக எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, துணைக்கு வருபவருக்கு. அதை எடுக்க மறந்துவிட்டார்கள். நான் கடிதத்தை மேசையில் வைத்தேன். ஹெலன் முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசித்தார்.

"திரு. தில்லையம்பலம், இந்தக் கடிதத்துக்கு ஏழு கிழமை ஆகிறது. இதை இங்கே யாருக்காவது சொன்னீர்களா?"

சொன்னேன் என்றால் செல்வத்தின் பதவி அன்றோடு போகும், வேலையே போகவும் கூடும். இல்லை என்றால் நான் ஒளித்தவன், என் பதினேழு வருடச் சரிகளும் பொய்யாகிவிடும். எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை இருந்தது. அந்த வேலை போனால் காலையில் எழும்புவதற்குக்கூட ஒரு காரணம் இருக்காது.

"இல்லை," என்றேன்.

அவர் எழுதவில்லை. வேலைப் பங்கீட்டுத் தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார். ஏழு கிழமையும் என் பெயர் ஃபோர்க்லிஃப்டில் இல்லை. அந்தத் தாள்களைப் போட்டது செல்வம் என்று மூவருக்கும் தெரியும்.

"இதை இங்கே யாருக்காவது சொன்னீர்களா?"

"இல்லை."

எழுதினார். பிறகு, "இது ஏழு கிழமைக்கு முதல் என் கையில் இருந்திருந்தால், இந்தத் தாளில் இருப்பதைத்தான் நானும் செய்திருப்பேன். அடியில் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்," என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மருந்து எடுத்ததற்குத் தண்டனை இல்லை. ஒளித்ததற்கும் பரிசோதனையில் பொய் சொன்னதற்கும் கடைசி எச்சரிக்கை. ஃபோர்க்லிஃப்ட் இனி இல்லை. திரும்பி வரும் பொருட்களின் மேசையில் ஓய்வு வரை இருக்கலாம். கையெழுத்துப் போட்டேன். நாற்பது நிமிடம் எடுத்தது. எல்லோருடைய கண்ணிலும் படாமல் போகட்டும் என்று ஹெலன் தன் அறையின் பின்கதவைத் திறந்துவிட்டார். அது நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்.

அதன் பிறகு இரண்டு வருடம். வீங்கிய பால்பெட்டி, நசுங்கிய பிஸ்கட், பிழையாக அனுப்பிய அரிசி. செல்வம் பதவியில் நிலைத்தார். ஆனால் என்னோடு சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். காலையில் கடந்து போகும்போது ஆங்கிலத்தில், "மோர்னிங், டில்," என்பார். அண்ணே இல்லை. அந்த டில் எனக்கு விலாநோவைவிட நொந்தது. நன்றி கெட்ட மனிசன் என்று மனதுக்குள் ஏசினேன். அவருக்காக நான் என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தேன் என்று மத்தியானத்தில் அந்த வாங்கில் தனியே இருந்து எண்ணிப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நினைப்புத்தான் எனக்குச் சாப்பாட்டுத் துணை. நான் ஒரு பெரிய மனிதன், அது தெரியாத உலகம்.

கடைசி நாளில் கேக்கும் சொசேஜ் ரோலும் வைத்தார்கள். ஹெலன் என் முழுப்பெயரைச் சொல்லிக் கை தந்தார். செல்வம் கூட்டத்தின் பின்னால் நின்றார். நான் வெளியே வந்து வாசலைத் தாண்டுமுன் பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

"அண்ணே."

இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"அன்னிக்கு ஏண்ணே என் பேரச் சொல்லல?"

"உங்கட வேலை போயிருக்கும், தம்பி."

"போயிருக்கும்ணே." மூச்சு வாங்கினார். "நான் அந்த ரூம் வாசல்லதாண்ணே நின்னுக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிஷம். உள்ள கூப்பிடுவாங்க, ஆமா எங்கிட்ட சொன்னார், நாந்தான் எழுதலன்னு சொல்லிரணும்னு. காலையில வீட்ல சொல்லிட்டே வந்தேன், இன்னைக்கு வேலையில்லாமத்தான் வருவேன்னு."

 "கதவைத் தட்டியிருக்கலாமே," என்றேன்.

"நானா தட்ட தைரியம் வரலண்ணே. கூப்பிட்டா சொல்லிருவேன்னு நின்னேன். நீங்க பின்கதவு வழியா போயிட்டீங்க. ஹெலன் வந்து, அவர் யார்கிட்டயும் சொல்லலைங்கிறாரு, நீ ஏதும் சொல்லணுமான்னு கேட்டாங்க. ரெண்டு வாட்டி கேட்டாங்கண்ணே. நீங்களே இல்லைன்னு சொல்லிட்டீங்க, நான் என்னத்தச் சொல்ல? இல்லைன்னுட்டேன். அதுக்கப்புறம் உங்க மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "என்னக் காப்பாத்தத்தான் சொன்னீங்களா? இல்ல, நீங்க என் பேரச் சொன்னா நான் இல்லைன்னு மறுத்துருவேன்னு நெனச்சீங்களா?"

"சீச்சீ, அப்பிடி நினைக்கேல்லைத் தம்பி," என்றேன்.

அவர் தலையாட்டினார். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

நான் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் அதைத்தான் நினைத்தேன். தொலைபேசி அடிக்காத ஒவ்வொரு மணியும், அவர் மறுக்கப் போகிறார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. என் பெயரை முழுதாகச் சொல்லும் ஒரே மனிசிக்கு முன்னால், என்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே ஆள், இவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்வதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அதற்கு முதல் நானே இல்லை என்று சொல்லிவிட்டேன். தியாகம் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் வைத்தேன்.

வீடு விற்கும்வரை இன்னும் ட்ருகனினாவில்தான் இருக்கிறேன். செல்வம் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார். இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று இரண்டு தடவை அவருடைய தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பியிருக்கிறேன்.